புது டிஸ்ப்ளே வந்துவிட்டது என்கிறார்கள், நம் வீட்டுக்கு ஏன் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் டிவியும் போனும் சர்வீஸ் செய்கிற கடை என்னுடையது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது, காலேஜ் பசங்கள் யூடியூப் பார்த்துவிட்டு வந்து கேட்பது, இரண்டையும் கலந்து கீழே போட்டிருக்கிறேன். முன்னாடியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: படம் நன்றாக இல்லை என்பதற்காகப் புது டிஸ்ப்ளே தோற்றது ரொம்பக் குறைவு. அது தயாராகி வருவதற்குள் பழையது விலை இறங்கி, "இதுவே போதுமே" என்கிற இடத்துக்கு வந்துவிடும். பெரும்பாலும் கதை அவ்வளவுதான்.

அண்ணே, மைக்ரோஎல்இடி அடுத்த வருஷம் வருது, அடுத்த வருஷம் வருதுன்னு சொல்லிட்டே இருக்காங்களே, எங்கே?

வந்துவிட்டது, வாங்கத்தான் ஆளில்லை. மைக்ரோஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குட்டி எல்இடியாக எரிகிற திரை. சோனி 2012லேயே 55 அங்குலத்தில் ஒரு மாதிரி செய்து காட்டினார்கள். சாம்சங் 2018இல் 146 அங்குலத்துக்கு ஒரு சுவரையே நிறுத்தினார்கள். 2023இல் அதே சாம்சங் 110 அங்குல மைக்ரோஎல்இடி டிவியை இந்தியாவில் விற்பனைக்கு வைத்தபோது விலை ரூ.1,14,99,000. அந்தக் காசுக்கு நம் ஊரில் வீட்டையே கட்டி முடித்துவிடலாம்.

ஏன் அவ்வளவு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 4கே திரையில் 3840-க்கு 2160 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி. மொத்தம் 2,48,83,200. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்தச் சில்லுகளை ஒரு இடத்தில் வளர்த்து, அங்கிருந்து எடுத்து, திரையில் அதனதன் இடத்தில் வைத்து ஒட்ட வேண்டும். மணிக்குப் பத்தாயிரம் சில்லு வைக்கிற மிஷின் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு டிவிக்கு நூறு நாளுக்கு மேல் ஓட வேண்டும். அதனால் ஒரே அழுத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிற வழிகளைத் தேடுகிறார்கள். அதில் 99.99 சதவீதம் சரியாக உட்கார்ந்தாலும் ஏறக்குறைய 2,500 சில்லு தப்பிப்போகும். காசு கொடுத்து வாங்குகிறவர் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலே செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார், 2,500 இருந்தால்? ஆகவே ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரி செய்ய வேண்டும், காசு முழுக்க அங்கேதான் போகிறது.

சரி, ஓஎல்இடி? அது வந்து எவ்வளவு காலம் ஆச்சு?

மின்சாரம் ஓடினால் தானே ஒளிர்கிற கரிமப் பொருளைப் படலமாகப் பூசிச் செய்கிற திரைதான் ஓஎல்இடி. 1987இல் கோடாக் கம்பெனியில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரண்டு பேர் அதன் அடிப்படையை எழுதி வெளியிட்டார்கள். முதல் ஓஎல்இடி டிவி, சோனி எக்ஸ்இஎல்-1, வந்தது 2007இல். அதுவும் 11 அங்குலம், ஜப்பானில் விலை இரண்டு லட்சம் யென். எல்ஜி 55 அங்குலத்தைக் கொண்டுவந்தது 2013. ஆய்வுக்கூடத்திலிருந்து ஹாலுக்கு வர 26 வருஷம்! கண்டுபிடித்த கோடாக் அதற்குள் தன்னுடைய ஓஎல்இடி தொழிலையே 2009இல் எல்ஜி குழுமத்துக்கு விற்றுவிட்டது.

இடையில் என்ன சிக்கல் என்றால் நீலம். சிவப்புக்கும் பச்சைக்கும் கொடுக்கிற மின்சாரத்தை ஏறக்குறைய முழுதாக வெளிச்சமாக்கும் பொருள்கள் கிடைத்துவிட்டன. நீலத்துக்கு அப்படி ஒரு பொருள் நீண்ட ஆயுளோடு சுலபத்தில் கிடைக்கவில்லை, பழைய வகையை வைத்தே ஓட்டினார்கள், அதில் உள்ளுக்குள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வெளிச்சமாகத் தேறும். வெளிச்சம் பத்தவில்லை என்று அழுத்தி ஓட்டினால் சீக்கிரம் தேய்கிறது. இன்னொன்று, போன் சைஸ் பேனலில் மூன்று நிறத்தையும் மெல்லிய உலோகச் சல்லடை வைத்துத் தனித்தனியாகப் படிய வைக்கலாம். அதையே டிவி அளவுக்குப் பெரிதாக்கினால் சல்லடை நடுவில் தொய்ந்துவிடும், நிறம் இடம் மாறி உட்காரும். எல்ஜி அதனால்தான் வெள்ளை ஒளி தருகிற ஓஎல்இடியைச் செய்து மேலே நிற வடிகட்டி போட்டது. சாம்சங் 2013இல் ஒரு ஓஎல்இடி டிவியைக் கொண்டுவந்து, பிறகு கையைத் தூக்கிவிட்டு, வேறு முறையில் திரும்பி வந்தது 2022இல்.

அப்போ பழைய எல்சிடி ஏன் சாகவே மாட்டேங்குது?

இதுதான் என்னைக் கேட்டால் முக்கியமான கேள்வி, இதை அதிகம் பேர் கேட்பதில்லை.

எல்சிடி ஒவ்வொரு எதிரியிடமிருந்தும் கொஞ்சம் திருடிக்கொள்ளும். எல்சிடி தானே எரியாது, பின்னால் ஒரு விளக்கு வேண்டும். முதலில் அங்கே மெல்லிய டியூப் லைட் எரிந்தது. நீல எல்இடி வந்ததும் அதை வைத்து வெள்ளை எல்இடி செய்து பின்னால் வைத்துக்கொண்டு தனக்கு "எல்இடி டிவி" என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்த நீல எல்இடிக்கு 2014இல் இயற்பியல் நோபல். நிறம் சரியில்லை என்று ஓஎல்இடிக்காரர்கள் சிரித்தபோது குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலத்தை நடுவில் சொருகியது. அதன் ஆட்களுக்கு 2023இல் வேதியியல் நோபல். கறுப்பு சரியில்லை என்றார்கள், பின்னால் ஆயிரக்கணக்கில் சின்ன எல்இடி வைத்துப் பகுதி பகுதியாக அணைத்து எரிக்க ஆரம்பித்தது, அதுதான் இப்போது மினிஎல்இடி என்று விற்பது.

இன்னொரு பக்கம் ஆலை. சீனாவில் பிஓஇ கம்பெனி ஹெஃபேயில் போட்ட ஆலையில் ஒரு கண்ணாடித் தகடு 2940-க்கு 3370 மில்லிமீட்டர். நம் பக்கத்து வாடகை வீட்டில் ஒரு ரூம் தரை அளவு இருக்கும். அதிலிருந்து எட்டு 65 அங்குல பேனல் வெட்டலாம். ஆலைக்கு ஆன செலவு 4,000 கோடி யுவானுக்கு மேல். இவ்வளவு போட்டவன் சும்மா நிறுத்துவானா? லாபம் குறைந்தாலும் ஓட்டுவான், போட்டியில் விலை விழும், புதிதாக வருகிறவனால் அந்த விலையைத் தொடக்கூட முடியாது. சாம்சங்கே இந்த விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்காமல் 2022இல் எல்சிடி பேனல் செய்வதை விட்டுவிட்டது.

கேனனும் தோஷிபாவும் சேர்ந்து எஸ்இடி என்று ஒன்று செய்தார்கள். பிக்சர் டியூப் மாதிரியே எலக்ட்ரான் பாய்ச்சுவது, ஆனால் தட்டையானது. பார்த்தவர்கள் படத்தைப் புகழ்ந்தார்கள். காப்புரிமை வழக்கு ஒன்றில் மாட்டி வருஷங்கள் போயின, அதற்குள் எல்சிடி விலை அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டது, 2010இல் கேனன் வீட்டு உபயோகத்துக்கான எஸ்இடியைக் கைவிட்டது. கடைக்கே வரவில்லை. வாயு அடைத்த குட்டி அறைகள் எரிந்து படம் காட்டுகிற பிளாஸ்மா கடைக்கு வந்தும் நிற்கவில்லை. பானாசோனிக் 2013 கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் அடுத்த வருஷம். பிளாஸ்மாவின் கறுப்பை இன்னும் நினைத்து ஏங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், நானும் ஒருத்தன்.

கியூஎல்இடி, ஓஎல்இடி ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கியூஎல்இடி என்று விற்பது மேலே சொன்ன குவாண்டம் டாட் போட்ட எல்சிடி. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். பெயரை இப்படிக் குழப்பி வைத்திருப்பதே ஒரு தடைதான், ஏமாந்தோமோ என்று பயந்து ஆள் பழையதையே வாங்கிவிட்டுப் போகிறார்.

ஷோரூம்ல பளிச்சுனு இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா மங்கலா இருக்கு. செட் மாத்திட்டாங்களா?

செட் அதேதான், உள்ளே போகிற படம் வேறு. கடையில் ஓடுவது 4கேயில் எடுத்த டெமோ: பூ, தேனீ, ஐஸ் மலை. உங்கள் வீட்டில் கேபிள் பெட்டி எஸ்.டி., அதாவது எச்டி இல்லாத பழைய தரம் என்றால் அதில் வருவது 720-க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பது அதைப்போல் சரியாக இருபது மடங்கு. அதாவது இருபது புள்ளியில் ஒன்றுதான் சேனல்காரன் கொடுத்தது, மீதி பத்தொன்பதை டிவியே ஊகித்துப் போட்டுக்கொள்கிறது. முகமெல்லாம் மெழுகு மாதிரி தெரிவது அதனால்தான். திரை பெரிதாகப் பெரிதாக இது மோசமாகத் தெரியும், 14 அங்குல அரசு கலர் டிவியில் அதே சேனல் அழகாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

ஓடிடியில் பாருங்கள் என்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். டவுனில் ஃபைபர் இருக்கிறவருக்குப் பிரச்சினை இல்லை. பென்னாகரம் தாண்டி மலைக் கிராமத்தில் போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்க்கிறவருக்கு அன்றைய டேட்டா இடைவேளைக்கு முன்னாடியே தீர்ந்துவிடும்.

8கே டிவி வாங்கலாமா?

வேண்டாம். 8கே என்றால் 4கேயைப்போல் நாலு மடங்கு புள்ளி, ஆனால் கண் ஒரு அளவுக்குமேல் பிரித்துப் பார்க்காது. 55 அங்குலத்தில் ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் எச்டிக்கும் 4கேக்குமே வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 4கேக்கும் 8கேக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் மூன்றரை அடிக்குள் போய் உட்கார வேண்டும், அம்மா திட்டுவார்கள். ஜப்பானில் என்எச்கே என்ற ஒளிபரப்பு நிறுவனம் 2018 டிசம்பரில் 8கே சேனலே தொடங்கியது, மற்ற நாடுகளில் யாரும் பின்னாலேயே ஓடவில்லை.

3டி டிவி என்ன ஆச்சு?

2010இல் எல்லாக் கம்பெனியும் அதுதான் எதிர்காலம் என்றார்கள். வீட்டில் ஆறு பேர், கண்ணாடி இரண்டு. பார்க்கப் படமும் இல்லை. 2017இல் கடைசியாக எல்ஜியும் சோனியும் விட்டார்கள்.

பேனல் போச்சுன்னா ஏன் புது டிவி விலை சொல்றீங்க?

என்னை அதிகம் திட்டு வாங்க வைக்கிற கேள்வி. டிவியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பேனல்தான். மீதி ஒரு மெயின் போர்டு, ஒரு பவர் போர்டு, ஸ்பீக்கர், பிளாஸ்டிக்.

சத்தம் வருகிறது, படம் இல்லை என்று வந்தால் முதலில் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். மங்கலாக உருவம் நகர்ந்தால் பேனல் நல்லாயிருக்கிறது, பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் போயிருக்கிறது. தொடராக இணைத்திருப்பதால் ஒரு பல்பில் இணைப்பு அறுந்தாலே மொத்தமும் அணைந்துவிடும். ஸ்ட்ரிப் மாற்றினால் முடிந்தது, சின்னச் செலவு. ஆனால் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருந்தால், அல்லது கண்ணாடிக்குள் மை கொட்டினது போலப் பரவியிருந்தால், என்னிடம் வைத்தியம் குறைவு. பேனல் கண்ணாடியின் விளிம்பில் ரிப்பன் மாதிரி மெல்லிய டேப்புகளை அழுத்தி ஒட்டியிருப்பார்கள், அதில்தான் புள்ளிகளை இயக்குகிற டிரைவர் ஐசி (சிப்) இருக்கும். அதை எடுத்து மறுபடி ஒட்டத் தனி பாண்டிங் மிஷின் வேண்டும், பேனலும் பொருந்த வேண்டும், ஒட்டினாலும் எத்தனை மாதம் தாங்கும் என்று கேரண்டி யாரும் தரமாட்டார்கள்.

இதில் ஒரு கொடுமை, நிறையக் கோடு நாமே வரவழைப்பது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டைத் துடைக்கிற வேகத்தில் டிவி மேலும் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி, அந்த டேப்பில் உட்கார்ந்து, கரண்ட் போட்டதும் பச்சை பிடித்துக் கருகும். பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு அமோக வியாபாரம், ஆனால் சந்தோஷமான வியாபாரம் இல்லை. துணியை லேசாக ஈரமாக்கி, பிழிந்து, அப்புறம் துடையுங்கள்.

பழைய பிக்சர் டியூப் செட்டில் ஈ.எச்.டி. (ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) போனாலும் ஐசி போனாலும் மாற்றிப் போட்டு அனுப்பினோம். அரசு கொடுத்த 14 அங்குல டிவி சிலது இன்னும் ஓடுகிறது. அந்தப் பழக்கத்தில் இருக்கிற ஆளிடம் "ஒரு லட்சம் போடுங்கள், ஆனால் உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது" என்றால் அவர் ஓஎல்இடி வாங்குவாரா? கோடை மழைக்கு இடி விழுந்தால் கேபிள் வயர் வழியாகவே செட்டு போகிற ஊர் இது. புது டெக்னாலஜிக்கு இங்கே உள்ள பெரிய தடை படமும் இல்லை, ஆரம்ப விலைகூட இல்லை, ரிப்பேர் பண்ண முடியாது என்கிற பயம்தான். அந்த பயம் நியாயமானது.

அப்படின்னா போன்ல மட்டும் அமோலெட் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?

சைஸ். அமோலெட் என்பது போனில் வருகிற ஓஎல்இடிதான். ஒரு பெரிய கண்ணாடியில் போன் பேனல் நூற்றுக்கணக்கில் வெட்டலாம். நடுவில் ஒரு தூசி விழுந்தால் ஒரு பேனல் போகும், மற்றது தேறும். டிவியில் அதே தூசி 65 அங்குலத்தையும் குப்பைக்கு அனுப்பும். அதோடு போனை மூன்று, நான்கு வருஷத்தில் மாற்றிவிடுகிறோம், திரையும் நாள் முழுக்க எரிவதில்லை, நீலம் தேய்வதற்குள் போனே கைமாறிவிடும். ஆப்பிள்கூடத் தன் போனில் ஓஎல்இடியை வைத்தது 2017இல் ஐபோன் டென்னில்தான், தேவையான எண்ணிக்கையில் பேனல் கொடுக்க ஆள் கிடைக்க வேண்டுமே.

ரிப்பேர் தலைவலி இங்கேயும் உண்டு. ஒரிஜினல் அமோலெட் காம்போ (டச் கண்ணாடியும் திரையும் சேர்ந்தது) விலை கேட்டதும் முகம் மாறிவிடும், "அண்ணே, காப்பி போடுங்க" என்பார்கள். காப்பி என்பது பெரும்பாலும் இன்செல் எல்சிடி, அதாவது டச்சும் உள்ளேயே சேர்ந்த எல்சிடி. போட்டுத் தருவேன், ஆனால் திரைக்குள்ளேயே கைரேகை பார்க்கிற போன் என்றால் அது அப்புறம் வேலை செய்யாது. அந்த சென்சார் திரைக்குப் பின்னாலிருந்து பார்க்கிறது. அமோலெட் வழியே வெளிச்சம் ஊடுருவும், எல்சிடியில் பின்னால் இருக்கிற பேக்லைட் மறைத்துவிடும். போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சொன்னாலும் மறுநாள் "விரல் எடுக்கலைண்ணே" என்று வருவார்கள்.

மடிக்கிற போன்?

சாம்சங் 2019இல் முதல் ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்தபோது, சிலர் மேலிருந்த படலத்தை ஸ்கிரீன் புரொடெக்டர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள், திரை போச்சு. கீலுக்குள் தூசி போயும் கெட்டது. வெளியீட்டைத் தள்ளிவைத்துச் சரி செய்து செப்டம்பரில்தான் விட்டார்கள். அடுத்து வந்த ஃபிளிப்பில் மடங்குகிற கண்ணாடியின் கனம் 30 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. நம் ஊர் ரோட்டோரத் தூசியில் வைத்து உபயோகிக்கிற ஆள், இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு வாங்கட்டும்.

ஓஎல்இடில சேனல் லோகோ படிஞ்சிடும்னு சொல்றாங்களே?

வீட்டில் படம், சீரியல், கிரிக்கெட் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் பயப்படத் தேவையில்லை, இப்போதைய செட்டுகள் படத்தைக் கொஞ்சம் நகர்த்தியும் லோகோவை மங்கலாக்கியும் சமாளிக்கின்றன. டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் என்று காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே நியூஸ் சேனல், கீழே சிவப்புப் பட்டையில் செய்தி ஓடுகிற இடமென்றால் வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பட்டை இருக்கிற இடம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் நிழலாகத் தெரியும்.

வயல்ல வெயில்ல நின்னு போன் பார்த்தா ஒண்ணும் தெரியலை. அதுக்கு ஒரு டிஸ்ப்ளே கண்டுபிடிக்கலையா?

கண்டுபிடித்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மேரி லூ ஜெப்சன், ஏழைக் குழந்தைகளுக்கான விலை குறைந்த லேப்டாப்புக்கு வெயில் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிப் படம் காட்டுகிற திரையை வடிவமைத்தார், பிறகு 2008இல் பிக்சல் கியூ என்ற கம்பெனி தொடங்கினார். நோஷன் இங்க் என்ற இந்தியக் கம்பெனி 2011இல் ஆதம் என்ற டேப்லெட்டில் அதைப் போட்டு விற்றது. நிலைக்கவில்லை. குவால்காம் மிராசால் என்று பட்டாம்பூச்சி இறக்கை நிறம் காட்டுகிற முறையில் ஒன்று செய்தது, 2012லேயே பெரிதாகத் தயாரிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டது. கடைக்குள் எல்இடி வெளிச்சத்தில் வைத்தால் இந்தத் திரைகள் வெளிறித் தெரியும், பக்கத்தில் இருக்கிற சாதாரணப் போன் பளிச்சென்று இழுக்கும். வாங்குகிற இடத்தில் அழகாகத் தெரிவது வேறு, தக்காளித் தோட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெரிவது வேறு. கம்பெனிக்கு வேண்டியது முதலாவது. அச்சடித்த காகிதம் மாதிரி தெரிகிற இ-இங்க் மட்டும் தப்பித்தது, புத்தகம் படிக்கிற கருவிகளில் 2004இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பக்கம் மாறவே ஒரு கணம் எடுத்துக்கொள்கிற அதில் ரீல்ஸ் பார்க்க முடியாதே.

நம்ம ஓசூர்லயே ஐபோன் செய்றாங்க. பேனலும் இங்கேயே செஞ்சா விலை இறங்காதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் போன் பாகம் செய்கிறது, போனே பூட்டுகிறது, உண்மை. திரை மட்டும் கொரியாவிலும் சீனாவிலும் செய்ததுதான். கண்ணாடியிலிருந்து பேனல் உருவாக்குகிற பெரிய எல்சிடி, ஓஎல்இடி ஆலை இந்தியாவில் இன்னும் ஓடவில்லை. 2021 டிசம்பரில் மத்திய அரசு சிப்புக்கும் டிஸ்ப்ளேவுக்கும் சேர்த்து 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, சிப் பக்கம்தான் வேலை நகர்ந்தது. மேலே சொன்ன ஆலைச் செலவைப் பார்த்தவன், சீனாக்காரன் விலையோடு மோத யோசிப்பான்.

வரிப் பக்கம் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஓபன் செல் (பின்விளக்கு சேர்க்காத பேனல்) பாகங்களுக்கான இறக்குமதி வரியை 2023 பட்ஜெட்டில் 5-லிருந்து 2.5 சதவீதமாக்கி, 2025இல் எடுத்தேவிட்டார்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதுவரை நம் ஊரில் எல்லோரும் 32-லேயே நின்றதற்கு அந்த வரிக்கோடும் ஒரு காரணம்.

கடைசியா, இப்ப வாங்கலாமா, காத்திருக்கலாமா?

இருக்கிற டிவி ஓடினால் ஓடட்டும். போய்விட்டதென்றால் காத்திருக்காதீர்கள். ஹாலில் பகல் முழுக்க வாசல் திறந்திருக்கும், கேபிள்தான் பார்ப்பீர்கள் என்றால் 43 அங்குல சாதாரண எல்இடி, முடிந்தால் கேபிள் பெட்டியை எச்டிக்கு மாற்றுங்கள், அந்த மாற்றம் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குகிற புதுப் பேனலைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தெரியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கிற ஆள், ஃபைபர் இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது என்றால் ஓஎல்இடி வாங்குங்கள், பேனலுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள். நடுவில் இருக்கிறவர்களுக்கு மினிஎல்இடி. எதை வாங்கினாலும் இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.